ஆயா படத்துக்கு என்ன விலை? டர்பன் மசாலா மில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அண்ணன், அக்கா, தம்பி என்று மூன்று பேர். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் அவர்களுக்கு ஒரு மசாலா மில் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் உணவு நிறுவனம் ஒன்று அதை 1.4 கோடி ராண்டுக்குக் கேட்டது. கட்டடம், இயந்திரம், சரக்கு, வேன் எல்லாம் சேர்த்து, கடன் போக, 1.2 கோடி. "நற்பெயருக்காக" மேலே 20 லட்சம். அந்த ஒரு சொல்லுக்குள் அவர்கள் அடக்கியவை நான்கு: பாக்கெட்டில் உள்ள பெயர், அதிலுள்ள பாட்டியின் படம், தம்பி செய்த வறுப்பு இயந்திரத்தின் பேட்டன்ட், அக்காவின் கைப்பக்குவம். 2024 பிப்ரவரி 29ஆம் தேதி நிலவரப்படி இவற்றை மதிப்பிட்டுத் தரும்படி என்னிடம் வந்தார்கள்.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஆண்டுகளையும் தொகைகளையும் கொஞ்சம் மாற்றி, கணக்கு எளிதாகப் புரியும்படி முழு எண்களாக்கியிருக்கிறேன். கணக்கு போன வழி மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

மில்லின் கதை இவர்களுடைய ஆயாவிடமிருந்து தொடங்குகிறது. எங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. புது வீட்டுப் பின்கட்டில் ஆயா மிளகாய் வறுத்து இடித்து, தகர டப்பாவில் அடைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்தில் விற்றிருக்கிறார். மகன் அதை மில் ஆக்கினார். 1984இல் கிளேர்வுட்டில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஓவியர் ஒருவர், மூக்குத்தியும் முக்காடுமாக ஆயாவின் முகத்தை வரைந்து கொடுத்தார். கடைகளில் இன்றும் "ஆயா படம் போட்டது குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். பாக்கெட்டில் அச்சிட்ட பெயரைப் பாதிப் பேருக்குத் தெரியாது.

கணக்குப் புத்தகத்தில் அந்தப் படத்தின் மதிப்பு பூஜ்யம். கணக்காளர் மேல் தவறில்லை. ஒரு நிறுவனம் தானே வளர்த்தெடுத்த பிராண்டைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது சர்வதேசக் கணக்கியல் தரம் 38இன் விதி. அதே பிராண்டை இன்னொருவர் வியாபாரத்தோடு சேர்த்து வாங்கினால், வாங்கியவர் தன் புத்தகத்தில் அதை நியாய மதிப்பில் எழுதிக்கொள்ளலாம். நாற்பது வருடம் வளர்த்தவர் கையில் பூஜ்யமாக இருந்தது, கை மாறிய அன்றே சொத்தாகிவிடுகிறது. இந்த விதி தெரியாமல் புத்தக மதிப்பை வைத்து விலை பேசியதால் இழந்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேச்சைத் தொடங்கியவர் தம்பி. அவர் பொறியாளர். மிளகாய் நெடி வெளியே வராமல், சூட்டை ஒரே அளவில் வைத்துச் சுழலும் வறுப்பு டிரம் ஒன்றை வடிவமைத்திருந்தார். 2017 ஜூனில் முழு விவரணத்தோடு விண்ணப்பம் போட்டு, பேட்டன்ட்டைத் தன் பெயரில் வாங்கியிருந்தார். "வருஷத்துக்கு எரிவாயுவுலயும் கூலியிலயும் 6 லட்சம் மிச்சம். இன்னும் 13 வருஷம் உயிர் இருக்கு. 78 லட்சம், சார்" என்றார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார்.

அந்த 78 லட்சத்தில் பிழைகள் அடுக்கடுக்காக இருந்தன. மிச்சமாகும் 6 லட்சத்துக்கு 27 சதவீத நிறுவன வரி உண்டு. கையில் நிற்பது 4.38 லட்சம்தான். பதின்மூன்றாம் வருடம் வரும் பணத்தை இன்றைய பணமாக எண்ணவும் கூடாது. பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் 20 சதவீதம் என்று வைத்தால், 13 ஆண்டு வரவின் இன்றைய மதிப்பு, ஓராண்டு வரவைப் போல சுமார் 4.53 மடங்கு. அப்படிப் பார்த்தால் 20 லட்சத்தை ஒட்டி வரும். அதுகூட இயந்திரம் மிச்சப்படுத்துவதன் மதிப்புதான். பேட்டன்ட்டின் மதிப்பு வேறு. பேட்டன்ட் நாளைக்கே ரத்தானாலும் டிரம் அதே எரிவாயுவைத்தான் மிச்சப்படுத்தும். பேட்டன்ட் தருவது அடுத்தவனைத் தடுக்கும் உரிமை. அதன் விலை என்பது, தடுப்பதால் நமக்குக் கூடுதலாக வருவது அல்லது அனுமதி கொடுத்து வாங்கும் உரிமத்தொகை. டோங்காட்டில் ஒரு மில்காரர் இந்த டிரம்மைக் கேட்டிருந்தார். பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

அடுத்து பேட்டன்ட் செல்லுமா என்று பார்க்க வேண்டும். பல நாடுகளில் பரிசோதகர் ஒருவர் முன்பு இருந்தவற்றையெல்லாம் தேடிப் பார்த்து, புதுமை உண்டா என்று சோதித்த பிறகே பேட்டன்ட் கொடுப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. பிரிட்டோரியாவில் உள்ள நிறுவனங்கள் மற்றும் அறிவுசார் சொத்து ஆணையம் படிவமும் கட்டணமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும்; கண்டுபிடிப்பு புதியதா என்று ஆராய்வதில்லை. 2021 ஜூலையில் டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பத்துக்கு இங்கே பேட்டன்ட் கிடைத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அதே விண்ணப்பத்தை மறுத்தன. எங்கள் நாட்டுச் சான்றிதழ் ஒரு பதிவு, அவ்வளவே. அது வலுவானதா என்பது வழக்கு வரும்போதுதான் தெரியும். இங்கே ஒரு பேட்டன்ட்டுக்கு விலை போடுகிறவர், அந்தப் பரிசோதகர் செய்யாத வேலையை ஆள் வைத்தாவது செய்து பார்த்தாக வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே மில்லின் உற்பத்திப் பதிவேட்டைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேன்; அதனால் மூன்று வாரம் வீணாயிற்று. பதிவேடு வந்ததும் 2016 ஜனவரிப் பக்கத்திலேயே கண் நின்றுவிட்டது. ஒவ்வொரு சரக்கு எண்ணுக்கும் எதிரே அக்காவின் கையெழுத்தில் "புது டிரம்" என்று இருந்தது. விண்ணப்பம் போட்டதற்கு 17 மாதம் முன்பிருந்தே, விற்பனைக்குப் போன சரக்கை அதில்தான் வறுத்திருக்கிறார்கள்.

"யாருக்கும் காட்டலயே சார். ரூமைப் பூட்டித்தான் ஓட்டினோம்" என்றார் தம்பி. அவர் சொன்னது உண்மை. பல நாடுகளில் அந்தப் பூட்டு அவரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தில் 25ஆம் பிரிவு வேறு மாதிரி. நாட்டுக்குள் ரகசியமாகவே ஆனாலும், வணிக அளவில் பயன்படுத்தப்பட்ட ஒன்று புதுமையைப் பார்க்கும்போது ஏற்கெனவே அறியப்பட்டதாகவே எண்ணப்படும். நியாயமான தொழில்நுட்பச் சோதனைக்கு விலக்கு உண்டு. 17 மாதம் பாக்கெட் போட்டு விற்றதைச் சோதனை என்று யாரும் ஒப்பமாட்டார்கள். பேட்டன்ட் வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாகக் கருத்துக் கேட்டேன். அவரும் அதையே எழுதிக் கொடுத்தார். பேட்டன்ட்டுக்கு நான் போட்ட மதிப்பு பூஜ்யம். டிரம்மின் வரைபடங்களுக்கும் அதை ஓட்டும் நுணுக்கத்துக்கும், திரும்ப உருவாக்க ஆகும் செலவைக் கணக்கிட்டு 3 லட்சம் போட்டேன்.

அன்று தம்பியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஐடியாவுக்கு விலையே இல்லயா?" என்று கேட்டார்.

உண்டு, ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றேன். எங்கள் நாட்டிலேயே இதற்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 2000 நவம்பரில் வோடகாம் என்ற கைபேசி நிறுவனத்தில் பயிற்சிக் கணக்காளராக இருந்த ன்கோசானா மகாடே, கையிருப்பு இல்லாத போனிலிருந்து "என்னைக் கூப்பிடு" என்று செய்தி அனுப்பும் யோசனையை நிறுவனத்திடம் சொன்னார். அவரிடம் பேட்டன்ட் இல்லை. பங்கு தருவதாகப் பேச்சு இருந்தது. எத்தனை சதவீதம் என்பது முடிவாகவில்லை. 2016 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வாய்மொழி ஒப்பந்தம் செல்லும் என்றது. அப்புறம் எவ்வளவு என்ற சண்டை. 2019இல் நிறுவனம் 4.7 கோடி ராண்டு என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சேவையால் வந்த அழைப்பு வருவாயில் 5 முதல் 7.5 சதவீதம் தர வேண்டும் என்றது. 2025 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. கடைசியில் அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடானது. ஒரு சதவீதத்தை முதல் நாளே எழுதி வைக்காததால் 25 ஆண்டு போயிற்று. தம்பிக்கும் மில்லுக்கும் இடையில் அப்படி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

பிறகு படத்துக்கு வந்தோம். அதற்கு விலை போட உரிமத்தொகை விலக்கு முறையைத்தான் எடுத்தேன். இந்தப் படம் நமக்குச் சொந்தமில்லை, வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வது. வருடம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று பார்ப்பது. சொந்தமாக இருப்பதால் கட்டாமல் தப்பும் அந்தத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது. எத்தனை சதவீதம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. லாபத்தில் கால் பங்கு என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. 2011இல் யூனிலாக்–மைக்ரோசாஃப்ட் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே அதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. டர்பன் மசாலாவுக்கென்று வெளியான உரிம ஒப்பந்த எண்களும் இல்லை.

வழி மில்லுக்குள்ளேயே கிடைத்தது. கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் சிலருக்கு அதே மசாலாவைப் படம் இல்லாத வெறும் சாக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே மிளகாய், அதே டிரம், அதே கை. சாக்கில் கிலோ 110 ராண்டு. படம் போட்ட பாக்கெட்டில் மில் விலை 128. வித்தியாசம் 18. அதில் பாக்கெட், அச்சு, விளம்பரம், கடைக்காரருக்கான கூடுதல் கழிவு எல்லாம் 11 ராண்டு. மிச்சம் 7. விற்பனை விலையில் அது சுமார் 5.5 சதவீதம். படத்தை வாடகைக்கு எடுப்பவர் அதற்கு மேல் கொடுக்கமாட்டார். முழுவதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவும் மாட்டார். 4 சதவீதம் என்று வைத்தேன்.

படம் போட்ட பாக்கெட்டுகளின் ஆண்டு விற்பனை 4 கோடி. அதில் 4 சதவீதம் 16 லட்சம்; வரி போக 11.68 லட்சம். 2024 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க அரசின் 10 ஆண்டுப் பத்திரமே 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. ஒரே நகரத்தை நம்பிய சின்ன பிராண்டுக்குக் கழிவு விகிதம் 20 சதவீதம் என்பது அதிகமில்லை. வளர்ச்சி 5 சதவீதம். பணவீக்கம் போனால் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும் வியாபாரம் என்று அதற்குப் பொருள். அடுத்த ஆண்டு வரவு 12.26 லட்சத்தை, கழிவு விகிதத்திலிருந்து வளர்ச்சி போக நிற்கும் 15 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 82 லட்சம். உரிமத்தொகையை 3 சதவீதமாக்கினால் 61 லட்சம், 5 என்றால் 1.02 கோடி. அறிக்கையில் மூன்றையும் கொடுத்தேன். ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்கும் மதிப்பீட்டை நான் நம்புவதில்லை. கோடாக் நிறுவனத்தின் டிஜிட்டல் படப் பேட்டன்ட்டுகளுக்கு 200 கோடி டாலருக்கு மேல் மதிப்பு போடப்பட்டது. கடைசியில் அவை சுமார் 52.5 கோடிக்குத்தான் கைமாறின.

வாங்குபவரின் கணக்காளர் ஒரு கேள்வி கேட்டார்: இதில் வரிக்கழிவுப் பலனைச் சேர்த்தாயிற்றா? சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. இங்கே விலைக்கு வாங்கிய பேட்டன்ட்டின் விலையை ஆண்டுதோறும் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆயா படம் போன்ற வணிகக்குறியை வாங்கினால் அந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டு மாதிரிக் கணக்கை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அக்காவின் கைப்பக்குவத்துக்கு நான் தனி விலை போடவில்லை. "நான் ஒண்ணுமே இல்லயா அப்ப?" என்று அவர் கேட்டபோது சங்கடமாகத்தான் இருந்தது. எந்த மிளகாய் முதலில், வெந்தயம் எப்போது, மல்லி எந்த மணம் வரும்வரை என்பது அவருக்கு மட்டும் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மக்கள் படத்தைத் தேடி வருவதே அந்த ருசிக்காகத்தான். படத்தின் வரவில் ருசியும் அடங்கிவிட்டது. அதற்கு இன்னொரு தொகை போட்டால் ஒரே மாட்டை இரண்டு முறை கறந்ததாகிவிடும். மொத்த வியாபாரத்தையும் ஒருமுறை சரிபார்த்தேன். செயல்பாட்டு லாபம் 44 லட்சம், வரி போக 32 லட்சம், அதே விகிதங்களில் வியாபாரம் முழுதும் சுமார் 2.25 கோடி. அதில் கட்டடம் முதலானவை 1.2 கோடி, படம் 82 லட்சம். மீதி 23 லட்சம். அந்த மீதியில் பெரும்பங்கு அக்காதான் என்று அறிக்கையில் எழுதினேன். அவர் கையெழுத்திட்டு இரண்டு ஆண்டு உடனிருந்து சொல்லிக் கொடுக்காவிட்டால் 82 லட்சமும் நிற்காது என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

விலை ஒருவழியாக வந்துவிட்டது. படம் யாருடையது என்பதில்தான் வீடு இரண்டாகப் போகப் பார்த்தது.

அந்தப் படத்தை வணிகக்குறியாக 1992இல் அப்பா தன் சொந்தப் பெயரில் பதிவு செய்திருந்தார். அவர் 2011இல் காலமானார். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணத்தை முகவர் தவறாமல் கட்டியதால், பதிவேட்டில் இன்னும் அவர் பெயரே இருந்தது. நிறுவனத்துக்கு எழுத்துமூல உரிமம் எதுவும் இல்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அவருடைய அனுமதியில் பயன்படுத்தினார்கள் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு யார் அனுமதி கொடுத்தது? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி அது. அவருடைய சொத்துப் பட்டியலில் வீடும் காரும் வங்கிக் கணக்கும் இருந்தன; வணிகக்குறி இல்லை. உயிலில் எல்லாம் மூன்று பிள்ளைகளுக்கும் சமம்.

நிறுவனப் பங்குகள் அப்படியல்ல: அண்ணனுக்கு 60 சதவீதம், மற்ற இருவருக்கும் 20, 20. படம் நிறுவனத்துடையது என்றால் 82 லட்சத்தில் அண்ணனுக்கு 49 லட்சம். அப்பாவின் சொத்து என்றால் 27. ஒரே ஒரு பதிவேட்டு வரியில் அண்ணனிடமிருந்து 22 லட்சம் நகர்ந்தது. அவர் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். "பதிமூணு வருஷம் ராத்திரி பகல் பாக்காம இத நான்தான் தூக்கி நிறுத்தினேன், தம்பி. விளம்பரத்துக்கு மில் கொட்டின காசு எவ்வளவுன்னு உனக்குத் தெரியும்" என்றார் என்னிடம். சட்டப்படி உரிமை ஒருவருக்கு, உழைத்து வளர்த்தது இன்னொருவர், இரண்டும் மெய்தான். என் அறிக்கை உரிமையை மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் அப்பாவுக்குப் பிறகு மில் செய்த விளம்பரச் செலவை ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டுப் பின்னிணைப்பாக வைத்தேன். அதை வைத்து அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்: அண்ணனுக்கு 40, மற்ற இருவருக்கும் தலா 30. அக்காதான் முதலில் இறங்கி வந்தார்.

பாரம்பரியச் சொத்தை உரிய நேரத்தில் எழுதி வைக்காததற்கு இந்த நாடு கொடுத்த விலை பெரிது. சாலமன் லிண்டா 1939இல் பாடிப் பதிவு செய்த ம்பூபே பாட்டுக்கான உரிமையை 10 ஷில்லிங்குக்கு விட்டுக் கொடுத்தார். 1962இல் வறுமையில் இறந்தார். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுக்குப் பின் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற பழைய பிரிட்டிஷ் சட்ட வரியைப் பிடித்து, அவருடைய சொத்து நிர்வாகி தொடுத்த வழக்கு 2006இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. ரூயிபாஸ் என்ற தேநீர்ச் செடியின் பெயரையே 1994இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கே தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. மீட்க பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தச் செடியை முதலில் அறிந்திருந்த கோய், சான் மக்களுக்குப் பண்ணை விலையில் 1.5 சதவீதம் என்ற ஒப்பந்தம் 2019இல்தான் வந்தது. அண்ணனிடம் இவற்றைச் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்ப ஆயா முகம் யாரோடது?"

அந்தக் கேள்விக்கும் பதில் தேட வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து வரையச் சொன்னாலும் பொதுவாகப் படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே. புகைப்படம், வரைந்த உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பொட்டலத்துக்காக மையில் போட்ட கோட்டுப்படம் அந்த விலக்குக்குள் வருமா என்று வழக்கறிஞர்களே இரண்டுபட்டார்கள். எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் சந்தேகம் தீரும். 1984இல் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

ஓவியர் ஃபீனிக்ஸில் மகள் வீட்டில் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது. நானும் அக்காவும் போனோம். பாக்கெட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "மூக்குத்திய இடது பக்கம் போட்டுட்டேன்னு அப்பவே ஆயா திட்டுச்சு" என்றார். பத்திரத்தை நீட்டியதும் பேனாவைக் கேட்டார். "அது கையால சோறு தின்னவன் நான். காசெல்லாம் வேணாம்மா." அக்கா விடவில்லை. 60,000 ராண்டு என்று பத்திரத்தில் எழுதச் செய்து, அன்றே கொடுத்தார். அந்தத் தொகையைப் படத்தின் மதிப்பிலிருந்து கழித்துக் காட்டினேன். என் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

அப்பாவின் சொத்துக் கோப்பை உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் மறுபடி திறந்து, விடுபட்ட வணிகக்குறியைச் சேர்த்து, வாரிசுகள் பெயருக்கு மாற்ற 14 மாதம் பிடித்தது. வாங்குபவர் காத்திருந்தார்; படத்தை 78 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார். பேட்டன்ட் பேரத்தில் வரவேயில்லை. வரைபடங்களுக்கு 3 லட்சம் தம்பிக்குப் போயிற்று. அக்கா இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மில்லுக்குப் போய்வருகிறார். செய்முறை இப்போது எழுதப்பட்டு, உறையிட்டு, இரண்டு பேர் கையெழுத்தோடு பெட்டகத்தில் இருக்கிறது.

பழைய பேட்டன்ட்டின் அடுத்த புதுப்பிப்புக் கட்டணத்துக்கான கடிதம் வந்தபோது தம்பி கட்டவில்லை. டிரம்மின் இரண்டாம் வடிவத்தை வேறொரு கொட்டகையில் செய்துகொண்டிருக்கிறார். இந்த முறை முதல் மூட்டை மிளகாய் உள்ளே போவதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டாயிற்று. முழு விவரணம் தாக்கல் செய்ய அவருக்கு 12 மாதம் இருக்கிறது. தேதியை என் அலுவலக நாட்காட்டியிலும் குறித்து வைத்திருக்கிறேன்.